ஆட்டின் கம்பளியும் அனல் வெயிலும்

"ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஓநாயின் இரக்கம் பொய்யிரக்கம். ஆனால், கோடை வெயிலிலே தடித்த கம்பளியைச் சுமந்து நிற்கும் செம்மறியாட்டின் படத்தைப் பார்க்கும்போது நம் உள்ளத்தில் எழும் இரக்கம் அத்தகையதன்று. மெல்லிய பருத்தித் துணியையே பொறுக்கமாட்டாமல் நாம் விசிறியைத் தேடும் வேளையில், இந்த வாயில்லாப் பிராணி கழுத்து முதல் வால் வரை கம்பளி போர்த்துக்கொண்டு எவ்வாறு உயிர் வாழ்கின்றது? அக்கம்பளியைக் கத்தரித்து எறிந்துவிட்டால் அதற்கு எத்துணைச் சுகமாக இருக்கும்! இவ்வாறு எண்ணாதவர் மிகச் சிலரே.

இரக்கம் நல்லதே. ஆயினும் ஆட்டின் உடல் இக்கேள்விக்குத் தரும் விடை நாம் எதிர்பார்க்கும் விடையாக எப்பொழுதும் இருப்பதில்லை. ஓரிடத்தில் கத்தரிக்கோல் ஆட்டின் உயிரைக் காக்கின்றது. வேறோரிடத்தில் அதே கத்தரிக்கோல் அதனைத் துன்பத்தில் ஆழ்த்துகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? அதனை விளங்கிக்கொள்ள, கம்பளி என்பது யாது என்பதையும், வெப்பம் மிகும்போது ஆட்டின் உடலுக்குள்ளே நிகழ்வது யாது என்பதையும் முறையாகப் பார்த்தல் வேண்டும்.

கம்பளி என்னும் காவலி

செம்மறியாட்டின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 39 பாகை செல்சியசு. இது மனிதனுடைய வெப்பநிலையிலும் இரண்டு பாகை கூடியது. ஆடு அசைபோடும் பிராணி. அது தின்ற புல் பெரிய முதலிரைப்பையிலே நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுகின்றது. அந்நொதித்தலின்போது வெப்பம் ஓயாது பிறக்கின்றது. எனவே ஒவ்வோர் ஆடும் தன் வயிற்றுக்குள்ளே ஒரு சிறிய அடுப்பைச் சுமந்து திரிகின்றது எனலாம். குளிர்காலத்தில் இவ்வடுப்பு வரம். கோடையிலோ அது பெருஞ் சுமை.

உடலைச் சுற்றியுள்ள கம்பளியின் அமைப்பும் நோக்கத்தக்கது. உலகில் கம்பளிக்குப் பேர்போன மெரினோ இனத்து ஆட்டின் தோலில், ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு மயிரின் பருமனும் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. இம்மயிர்கள் நேராக நில்லாமல் சுருண்டு சுருண்டு வளர்வதால், அவற்றிடையே காற்று அசைவின்றிச் சிறைப்பட்டுக் கிடக்கின்றது. அசையாத காற்று வெப்பத்தை அரிதாகவே கடத்தும். ஆகவே கம்பளி வெப்பத்தைத் தரும் பொருளன்று. வெப்பத்தின் போக்கைத் தடுக்கும் பொருள். விஞ்ஞான நூலார் இத்தகைய பொருளைக் காவலி என்பர். உள்ளிருந்து வெளியே செல்லும் வெப்பத்தை அது தடுப்பது போலவே, வெளியிலிருந்து உள்ளே வரும் வெப்பத்தையும் தடுக்கின்றது. இக்கட்டுரையின் உயிர்நாடி இவ்வொரு வாக்கியத்திலே அடங்கியிருக்கின்றது.

காட்டுச் செம்மறிகள் ஆண்டுதோறும் இளவேனிலில் தம் மயிரைத் தாமே உதிர்த்துவிடும். பகற்பொழுது நீள நீள, கபச்சுரப்பியிலிருந்து வெளிப்படும் புரொலாக்டின் என்னும் ஓமோன் பெருகி, பழைய மயிர் உதிரவும் புதிய மயிர் முளைக்கவும் தூண்டுகின்றது. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக மயிர் உதிராத ஆடுகளையே தெரிந்து வளர்த்து வந்தமையால், மெரினோ போன்ற இனங்கள் அவ்வாற்றலைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. 2015ஆம் ஆண்டு அவுஸ்திரேலியத் தலைநகரான கன்பராவுக்கு அருகில், மந்தையைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் அலைந்த மெரினோக் கிடாய் ஒன்று பிடிபட்டது. கிறிஸ் என்று பெயரிடப்பட்ட அவ்வாட்டிலிருந்து கத்தரித்தெடுத்த கம்பளியின் நிறை 41.1 கிலோகிராம். ஆண்டுதோறும் கத்தரிக்கப்படும் மெரினோ ஒன்றிலிருந்து கிடைப்பது 4 முதல் 6 கிலோகிராம் வரையே. மனிதன் தன் பயனுக்காக ஆக்கிய பிராணியை மனிதனே கத்தரித்துக் காக்கவும் வேண்டியிருக்கின்றது. ஆகவே கத்தரிப்பதா, விடுவதா என்பது இங்கே வினாவன்று. எப்பொழுது, எங்கே, எவ்வாறு என்பனவே வினாக்கள்.

ஜூலியா கிரீக் வெயிலிலே

அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் ஜூலியா கிரீக் என்றோர் ஊர் உண்டு. அதனைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம் அருகிய புல்வெளி. கோடையில் அங்கே காற்றின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். இத்தகைய இடத்தில் மெரினோ ஆடுகள் பிழைத்திருக்கும் வகையை அறிய விரும்பிய மக்ஃபார்லேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞரும் அவருடைய துணைவரும் 1950ஆம் ஆண்டுகளிலே அங்கு ஆய்வுகளை நடத்தினர்.

அவர்கள் கண்டது வியப்பானது. நண்பகல் வெயிலில் கம்பளியின் நுனி 85 பாகை வரை சூடேறியது. முட்டையை வேகவைக்கப் போதுமான வெப்பம் அது. ஆனால் சில சென்ரிமீற்றர் ஆழத்தில், கம்பளியின் அடியிலிருந்த தோலின் வெப்பநிலையோ 42 பாகை அளவிலேயே நின்றது.

இது எவ்வாறு இயலும்? கம்பளியின் நுனி சூரிய ஒளியை உறிஞ்சிச் சூடேறுகின்றது. 85 பாகையிலுள்ள நுனி, சுற்றியுள்ள 40 பாகைக் காற்றைவிட மிகச் சூடானது. வெப்பம் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்குச் செல்லும் இயல்புடையதாதலால், நுனி ஏற்ற வெப்பத்தில் பெரும்பகுதி காற்றுக்கும் ஆகாயத்துக்குமே திரும்பிப் போய்விடுகின்றது. சிறுபகுதி மட்டுமே கம்பளியைக் கடந்து தோலை அடைகின்றது. நம் ஊர்களில் தடிப்பாக ஓலை வேய்ந்த வீட்டையும் தகரக் கூரையிட்ட வீட்டையும் நண்பகலில் ஒருமுறை புகுந்து பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓலைக் கூரையின் மேற்புறம் கொதிக்கும். அதன் கீழே இருப்பவனோ அமைதியாக உறங்குவான்.

இவ்வாட்டின் கம்பளியை ஒட்டக் கத்தரித்து அதே வெயிலில் விட்டால் யாது நிகழும்? கூரை அகற்றப்பட்டுவிட்டது. சூரியனின் கதிர்கள் தோலின்மேலே நேராக விழுகின்றன. வெளியிலிருந்து வரும் வெப்பத்தோடு வயிற்றினுள்ளே பிறக்கும் வெப்பமும் சேர்கின்றது. புதிதாகக் கத்தரித்த ஆடுகள், ஓரளவு கம்பளியுள்ள ஆடுகளைவிடத் திறந்த வெயிலில் விரைவாக மூச்சுவிடுவதையும், அவற்றின் உடல் வெப்பநிலை கூடுதலாக உயர்வதையும் ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர். இளஞ்சிவப்பான அவற்றின் தோல் வெயிலிற் பொசுங்கிப் புண்ணாவதும் உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில் சகாராப் பாலைவனத்தில், அல்ஜீரியாவின் பெனி அப்பாஸ் என்னும் பாலைவனச் சோலையிலே, நட் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிஞர் ஒட்டகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் ஓர் ஒட்டகத்தின் மயிரைக் கத்தரித்துவிட்டு, அது வெயிலிலே வியர்வையாக இழக்கும் நீரை அளந்தார். கத்தரிக்காத ஒட்டகத்தைவிட அது நூற்றுக்கு 50 வீதம் கூடுதலான நீரை இழந்தது. பாலைவனத்தில் நீர் என்பது உயிர். பாலைவன மக்கள் கொளுத்தும் வெயிலிலும் தடித்த அங்கியை அணிந்து செல்வது அறியாமையால் அன்று என்பதும் இதனால் விளங்கும்.

உடல் நடத்தும் போராட்டம்

உடலிலே சேரும் வெப்பத்தை வெளியேற்ற ஆடு கையாளும் வழிகள் சில. காதுகள், கால்கள், வயிற்றின் அடிப்புறம் ஆகிய கம்பளி குறைந்த இடங்களுக்குக் குருதியை மிகுதியாகச் செலுத்தி அங்கிருந்து வெப்பத்தைக் காற்றிலே கலந்துவிடுதல் முதலாவது வழி. ஆனால் காற்றின் வெப்பநிலை உடலின் வெப்பநிலையை நெருங்கிவிட்டால் இவ்வழி அடைபட்டுவிடும். மனிதனுக்குக் கைகொடுக்கும் வியர்வை ஆட்டுக்குச் சிறிதளவே உதவும். எனவே அது பெரும்பாலும் நம்பியிருப்பது இளைத்தலையே.

ஓய்வாக நிற்கும் ஆடு நிமிடத்துக்கு 20 அல்லது 30 தடவை மூச்சுவிடும். கடும் வெப்பத்தில் அது 200ஐயும் கடந்துவிடும். ஈரமான மூக்கறைகளின் மேலாகக் காற்று விரைந்தோடும்போது நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. அங்கே குளிர்ந்த குருதி நாளங்கள் வழியாக மூளையின் அடிப்பகுதியை அடைகின்றது. அவ்விடத்தில் மூளைக்குச் செல்லும் நாடி நுண்ணிய பல கிளைகளாகப் பிரிந்து ஒரு வலைபோல அமைந்துள்ளது. சூடான நாடிக் குருதியும் குளிர்ந்த நாளக் குருதியும் ஒன்றையொன்று அடுத்துச் செல்வதால், மூளைக்குள்ளே புகுமுன் குருதி சற்றுக் குளிர்ந்துவிடுகின்றது. உடல் சுட்டாலும் மூளை சுடாதிருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது.

இளைத்தலுக்கும் விலை உண்டு. மிகவிரைவாக மூச்சுவிடும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடும். அதனாற் குருதியின் காரத்தன்மை கூடுகின்றது. மூச்சுத் தசைகளின் உழைப்பே மேலும் வெப்பத்தைத் தோற்றுவிக்கின்றது. வாயைத் திறந்து நாக்கை நீட்டி ஆடு இளைக்கத் தொடங்கினால், அது தன் எல்லையை நெருங்கிவிட்டது என்று அறிந்த இடையர் கொள்வர்.

கப்பற்றளத்தில் நிலைமை வேறு

இனி, வெயிலே படாத வேறோரிடத்துக்குச் செல்வோம். மேற்கு அவுஸ்திரேலியாவின் பிறிமாண்டில் துறைமுகத்திலிருந்து பாரசீக வளைகுடா நாடுகளுக்குப் பல ஆண்டுகளாக ஆடுகள் உயிரோடு கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டு வந்தன. 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவாசி எக்ஸ்பிரஸ் என்னும் கப்பலிற் சென்ற ஆடுகளில் ஏறத்தாழ 2,400 ஆடுகள் வெப்பத்தால் மாண்டன. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அக்காட்சிகள் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியிலே வெளியானபோது நாடே அதிர்ந்தது. வட கோளத்துக் கோடை மாதங்களிலே இவ்வேற்றுமதி தடுக்கப்பட்டது. 2028ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதியுடன் ஆடுகளைக் கடல்வழியே உயிரோடு ஏற்றுமதி செய்வதை முற்றாக நிறுத்தும் சட்டமும் 2024இல் நிறைவேறியது.

கப்பலின் தளங்களிலே ஆட்டைத் தாக்குவது சூரியனின் கதிரன்று. நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான உடல்களின் வெப்பமும், அவற்றின் மூச்சிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எழும் ஈரமும், வளைகுடாவின் புழுக்கமும் அங்கே ஒன்றுசேர்கின்றன. காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருந்தால் மூக்கிலுள்ள ஈரம் எவ்வாறு ஆவியாகும்? நிமிடத்துக்கு இருநூறு தடவை இளைத்தாலும் பயன் குறைவே. இந்நிலையில் தோலிலிருந்து வெளியேறும் சிறிதளவு வெப்பமும் ஆட்டுக்குப் பெரும் உதவி. அவ்வுதவியைத் தடுத்து நிற்பது கம்பளி. வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் நடத்திய சோதனைகளிலே, கத்தரித்த ஆடுகள் கத்தரிக்காதவற்றைவிட மெதுவாக மூச்சுவிட்டன. அவற்றின் உடல் வெப்பநிலையும் தாழ்ந்திருந்தது. கப்பலேறும் ஆட்டின் கம்பளி 25 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டிருத்தலாகாது என ஏற்றுமதி விதிகளிலே எல்லை வகுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம்.

ஜூலியா கிரீக்கில் நன்மை செய்த கம்பளி கப்பற்றளத்திலே தீமை செய்கின்றது. வெப்பம் சூரியனிடமிருந்து வரும் இடத்தில் அது குடை. வெப்பம் உடலினுள்ளேயே தேங்கும் இடத்தில் அது சிறை. கத்தரிக்கோலை எடுக்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதே.

ஓமோன்கள் சொல்லும் செய்தி

ஆட்டுக்கு வாயில்லை என்கிறோம். ஆனால் அதன் குருதி பேசும். ஓமோன்கள் என்பவை சுரப்பிகள் குருதியிலே கலந்துவிடும் இரசாயனத் தூதுவர்கள். அவற்றின் அளவைக் கணித்து, ஆடு எதனைத் துன்பமாகக் கொள்கின்றது என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

கத்தரிக்கும் கொட்டகைக்குள் ஆடு இழுத்துவரப்படும் கணத்திலேயே, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகள் அதிரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, கபச்சுரப்பி மீண்டும் அதிரீனற் சுரப்பியைத் தூண்ட, கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியிற் பெருகுகின்றது. பண்ணையிலே வழக்கமாக நடக்கும் பல வேலைகளுள் கத்தரித்தலே கோட்டிசோலை மிகுதியாக உயர்த்துவது என ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் சில மணி நேரத்துள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிறிது நேர உயர்வு தீங்கன்று. உடலிலே சேமித்த சக்தியை எடுத்து இடரைச் சமாளிக்க அது உதவுகின்றது. ஆனால் நாள் முழுவதும் வெயிலும், தாகமும், அச்சமும் தொடர்ந்தால் கோட்டிசோலும் தாழாது நிற்கும். அப்பொழுது நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும். மயிரின் வளர்ச்சியும் தடைப்படும். நீண்ட துன்பத்துக்குள்ளான ஆட்டின் கம்பளியில் அக்காலத்தில் வளர்ந்த பகுதி மெலிந்து, இழுத்தால் அவ்விடத்திலே அறுந்துவிடும். ஆடு பட்ட துன்பத்தின் குறிப்பு அதன் மயிரிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது என்பதை வணிகரும் அறிவர்.

ஆடு அஞ்சுவது கத்தரிக்கோலுக்கு மட்டுமன்று. மந்தையிலிருந்து பிரிக்கப்படுதல், நிலத்திலிருந்து தூக்கி இருத்தப்படுதல், இயந்திரத்தின் இரைச்சல், அந்நியரின் கை ஆகிய யாவும் அதனை வருத்துகின்றன. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாபிரகாம் ஆராய்ச்சி நிலையத்தார் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று நெஞ்சைத் தொடுவது. இருளான கொட்டகையில் தனியே விடப்பட்ட ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் முகப்படங்களைக் காட்டியபோது அவற்றின் இதயத் துடிப்பு தணிந்தது; கோட்டிசோலும் அதிரினலினும் குறைந்தன. தன் இனத்தின் முகத்தைப் படத்திற் கண்டாலே ஆறுதல் கொள்ளும் பிராணியைத் தன் கூட்டத்தின் பார்வையிலேயே வைத்துக் கத்தரிப்பது எவ்வளவு எளிய உதவி! வேலையின் விரைவும் ஒருவகைக் கருணையே. 1892ஆம் ஆண்டு குயீன்ஸ்லாந்திலே ஜாக் ஹோ என்னும் தொழிலாளி, கையாற் பிடிக்கும் கத்தரிக்கோலைக் கொண்டே எட்டு மணி நேரத்துக்கும் குறைந்த பொழுதில் 321 ஆடுகளைக் கத்தரித்தார். ஓர் ஆட்டுக்கு ஒன்றரை நிமிடம் அளவே ஆயிற்று. அச்சாதனையை எல்லாரும் எட்டல் இயலாதாயினும், தேர்ந்த கை இரண்டு மூன்று நிமிடங்களில் ஆட்டை விடுவித்துவிடும். பழகாத கையோ அதன் அச்சத்தையும் காயங்களையும் பெருக்கும்.

கோட்டிசோல் மணிக்கணக்கிற் பேசுவது. தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன்களோ நாட்கணக்கிற் பேசுவன. அவை உடலின் அடுப்புக்குத் துருத்தி போன்றவை. கடுங்கோடையில் இவ்வோமோன்களின் அளவு தாழ்கின்றது. ஆடு குறைவாகத் தின்னும். குறைவான வெப்பத்தையே உண்டாக்கும். வளர்ச்சியும் பாலும் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். கத்தரித்தபின் குளிர் பட்டால் நிலைமை மாறும். இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய ஓமோன்கள் உயரும். ஆடு கூடுதலாகத் தின்னும். இம்மாற்றம் ஒரே இரவில் நிகழக்கூடியதன்று.

புரொலாக்டினைப் பற்றி முன்னர்க் கூறினோம். மயிர் உதிர்தலோடும் பால் சுரத்தலோடும் தொடர்புடைய இவ்வோமோன், வெப்பத்தால் வருந்தும் ஆட்டின் குருதியிலும் பெருகிக் காணப்படுகின்றது. இளைத்தலால் நீர் குறையும்போது, சிறுநீரின் அளவைச் சுருக்கும் ஓமோனும் கபச்சுரப்பியிலிருந்து மிகுதியாக வெளிப்படுகின்றது. சிறுநீர் குறைந்து தடிக்கின்றது. தாகத்தால் வாடும் ஆட்டின் உடல் ஒவ்வொரு துளி நீரையும் இவ்வாறு எண்ணி எண்ணியே செலவிடுகின்றது.

சந்ததியைத் தொடும் வெப்பம்

வெப்பத்தின் தீங்கு நின்ற ஆட்டோடு நிற்பதில்லை. கிடாயின் விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவது, அவை உடலைவிடச் சற்றுக் குளிர்ந்திருந்தாலன்றி நல்ல விந்து உண்டாகாமையாலேயே. இவ்வுறுப்பை உடல் எவ்வளவு கருத்தாகக் காவல் செய்கின்றது என்பதை வெயிற்ஸ் என்னும் ஆய்வாளர் 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே காட்டினார். உடலின் மற்றப் பாகங்களைச் சூடாக்காமல் விதைப்பையை மட்டும் அவர் சூடாக்கினார். உடனே கிடாய் இளைக்கத் தொடங்கியது. உடலின் வெப்பநிலை வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அச்சிறு உறுப்பைக் காக்க உடல் முழுவதுமே குளிர்விக்கப்பட்டது!

விந்து முதிர்வதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் வேண்டும். ஆகவே இன்று வெப்பத்தால் நேர்ந்த கேடு பல வாரங்களின் பின்னரும் மந்தையிலே தோன்றும். மறியாடுகளும் சினைப்பட்ட முதற் சில நாட்களிலே கடும் வெப்பத்துக்கு ஆளானால், கருக்கள் வெளியே தெரியாமலே அழிந்துவிடும். இதனாலேயே நல்ல பண்ணையாளர் இனச்சேர்க்கைக்கு ஆறு எட்டு வாரங்களுக்கு முன்னரே கிடாய்களைக் கத்தரித்து, நிழலில் வைத்துப் பேணுகின்றனர்.

வெயிலுக்குப் பின் மழை

வெப்ப நாடுகளிலே கத்தரித்த ஆட்டுக்குக் குளிராலும் சாவு நேரும் என்றால் சிலர் நம்பமாட்டார். உண்மை அதுவே. முழுக் கம்பளியுள்ள ஆடு உறைபனிக் குளிரையும் பொறுத்துக்கொள்ளும். ஒட்டக் கத்தரித்த ஆட்டுக்கோ காற்றின் வெப்பநிலை 28 பாகை அளவுக்குக் கீழே இறங்கினாலே, தன் உடலைச் சூடாக வைத்திருக்கக் கூடுதலாக உணவை எரிக்கவேண்டி வருகின்றது. நமக்கு இதமான மாலைப்பொழுது அதற்குக் குளிர்ப்பொழுது. அன்றிரவு காற்றோடு மழையும் பெய்தால், கோடைக்கு ஏற்பத் தணிந்திருந்த அதன் அடுப்பு விரைந்து மூண்டெழமாட்டாது. முதல் நாள் வெயிலில் இளைத்த மந்தை மறுநாட் காலையிலே விறைத்துக் கிடந்த கதைகள் அவுஸ்திரேலியாவில் உண்டு. அந்நாட்டு வானிலை நிலையம் ஆடு வளர்ப்போருக்கென்றே குளிர்மழை எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகின்றது.

காலமும் அளவும்

இவ்வாய்வுகள் நடப்பதற்குப் பன்னெடுங் காலத்துக்கு முன்னரே, அனுபவம் என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்டவர் இராசஸ்தான் இடையர். அவர்கள் ஆடுகளைப் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிக்கின்றனர். கோடைக்கு முன்னே மார்ச் மாதத்தை ஒட்டி ஒரு முறையும், மழைக்காலம் முடியும் செப்ரெம்பர் அளவில் மறு முறையும். மார்ச்சிலே கத்தரித்த ஆட்டுக்கு, 45 பாகை வெயில் கொளுத்தும் மே மாதக் கடைசியிலே ஏறத்தாழ ஒரு விரற்கடை அளவு கம்பளி மீண்டும் வளர்ந்திருக்கும். சூரியனுக்குக் குடையாக அது போதும். உடல் வெப்பத்தைச் சிறைப்படுத்தும் அளவுக்குத் தடித்ததுமன்று. அங்கே அவிகாநகரில் 1962ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இவ்வெப்ப நில ஆடுகளைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றது.

அவுஸ்திரேலியாவிலே வேறொரு வழியையும் முயன்று பார்த்தனர். மேற்றோலின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்தை ஆட்டுக்கு ஊசிமூலம் ஏற்றினால், மயிரின் வளர்ச்சி சிறிது நேரம் தடைப்பட்டு எல்லா மயிர்களும் ஒரே மட்டத்தில் அறுந்துவிடுகின்றன. ஆட்டுக்கு வலைச்சட்டை அணிவித்து, அறுந்த கம்பளியைச் சில வாரங்கள் அங்கேயே நிறுத்தி வைப்பர். வலையைக் கழற்றும்போது பழைய கம்பளி முழுவதாகக் கழன்று வரும். அதன் கீழே புதிய மயிர் முளைத்திருக்கும். 1998இல் இம்முறை வணிகத்துக்கு வந்தது. தோல் வெறுமையாக வெயிலைக் காணாதிருப்பது இதன் சிறப்பு. ஆயினும் உலகெங்கும் கத்தரியே இன்றும் ஆட்சி செலுத்துகின்றது.

கம்பளியே வளராத செம்மறிகளும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது. நமது வடபகுதியில் வளரும் யாழ்ப்பாணத்து உள்ளூர்ச் செம்மறியும், தமிழ்நாட்டின் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை ஆகிய இனங்களும் குட்டை மயிர் உடையவை. இவற்றுக்குக் கத்தரியும் வேண்டா. தமிழ்நாட்டிலேயே குளிர்ந்த நீலகிரி மலையில் வளரும் இனமோ கம்பளி ஆடு. எந்த நிலத்துக்கு எந்த ஆடை பொருந்தும் என்பதை இவ்வினங்களின் உடலிலேயே காணலாம்.

உலகின் வெப்பம் ஆண்டுக்காண்டு கூடிவரும் இக்காலத்தில் இவ்வறிவு ஏட்டளவில் நிற்கலாகாது. கொடுங்கோடை வருமுன் கத்தரித்தல், தோலோடு ஒட்ட வெட்டாமல் சிறிதளவு மயிரை விட்டுவைக்கும் சீப்பைப் பயன்படுத்தல், வானிலை அறிவிப்பைக் கேட்டபின் நாளைக் குறித்தல், கத்தரித்த ஆட்டுக்கு நிழலும் குளிர்ந்த நீரும் அருகிலேயே கிடைக்கச் செய்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. ஆட்டை நம்பி வாழும் ஏழை இடையனுக்கும் இவற்றுட் பல இயலும். மந்தையிற் சாவு குறைந்தால் அவன் வீட்டு அடுப்பும் அணையாது எரியும்.

மரமற்ற வெளியிலே நண்பகலில் மந்தையைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கூறுவர். ஆடுகள் நெருங்கி நின்று, ஒன்றன் வயிற்றின் கீழே மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் நிற்குமாம். தம் உடலையே ஒன்றுக்கொன்று நிழலாகத் தரும் அப்பிராணிகளுக்கு மனிதன் செய்யக்கூடிய முதல் உதவி, மேய்ச்சல் நிலத்திலே நாலு மரங்களை நட்டு வளர்ப்பது. கத்தரிக்கோல் அதற்குப் பின்னரே.